டூக்கான் கடிக்காது என்று எழுதிக் கொடுத்தேன்

அலமாரியின் இரண்டாம் தட்டில் என் குறிப்பேடுகள் நான்கு இருக்கின்றன. மருந்துகளின் அளவு, கட்டுப் போடும் முறை, எந்தப் பிராணியை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது, எல்லாம் அவற்றில் உண்டு. அவற்றை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இருவரும் மருந்து கலக்கும் படிப்பை முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அளவில் தப்புச் செய்ய மாட்டீர்கள். நானும் செய்ததில்லை. பினாங்கில் இந்தப் பிராணி மருந்தகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகித் தைப்பிங் போவதால் இந்த மாதத்தோடு நிற்கிறேன். இந்த ஆறு வருடத்தில் நான் செய்த பெரிய தப்பு, ஒரு சீட்டில் ஒரே ஒரு சொல்லை எழுதியது. அந்தச் சொல் ‘கடிக்காது’.

நம் மருந்தகத்து வழக்கம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். கப்பலில் வந்த பறவையையோ குரங்கையோ யாராவது வீட்டில் வளர்க்க நினைத்தால் முதலில் பத்து நாள் அது இங்கே இருக்க வேண்டும். பிறகு அதன் குணத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்போம். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஹமீது பாய் அதைச் ‘சம்பந்தச் சீட்டு’ என்பார். பெண் எடுக்கும் முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போலத்தான் இதுவும் என்பது அவர் கணக்கு. சீட்டு எழுத நான் எட்டுக் கேள்விகள் வைத்திருந்தேன். என்ன தின்னும், எவ்வளவு அசிங்கம் செய்யும், எப்படிச் சத்தம் போடும், எத்தனை வருடம் இருக்கும், வீட்டில் குழந்தை உண்டா, கோழிக்குஞ்சு உண்டா, பார்த்துக்கொள்பவருக்குக் காய்ச்சல் வந்தால் வேறு யார் பார்ப்பார், கடிக்குமா. கடைசிக் கேள்விக்கு வரும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் அவசரம் வந்துவிடும்.

டூக்கானைக் கொண்டுவந்தவர் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் தலைமைக் கிராணி, சிவசாமி. எல்லோரும் அவரைக் கிராணியார் என்றே கூப்பிடுவார்கள். சரக்குக் கப்பல் ஒன்றின் சமையல்காரர் உடம்பு முடியாமல் இங்கே இறங்கிவிட்டார். அவர் வளர்த்த பறவை, வாங்க ஆளில்லாமல் கிராணியார் கைக்கு வந்தது. கறுப்பு உடம்பு, மஞ்சள் தொண்டை, கண்ணைச் சுற்றி நீல வட்டம், உடம்பில் பாதி நீளத்துக்கு ஒரு மூக்கு. தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் நம் காட்டு எங்காங், அந்த இருவாச்சிப் பறவை என்றார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, இது எங்காங் இல்லை, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, டூக்கான் என்று சொன்னார்.

“மிஸ்ஸி, இது பேசுமா?” என்று கிராணியார் என்னைக் கேட்டார்.

“பேசாது அண்ணே. தவளை மாதிரி ஒரு சத்தம் போடும். அவ்வளவுதான்.”

“மூக்கப் பாத்து பயந்துடாதீங்க கிராணியாரே,” என்றார் ஹமீது பாய். “அது உள்ள வெறும் காத்துதான் லா. நம்ம மச்சான் மாதிரி.”

கிராணியார் சிரிக்கவில்லை. கூண்டின் கம்பியைத் தடவிக்கொண்டே நின்றார்.

“எனக்கு இல்ல மிஸ்ஸி. என் தங்கச்சிக்கு. செண்பகம்னு பேரு. புருஷன் தவறி எட்டு மாசமாச்சு. நம்ம வீட்டுக்கு வந்த நாள்லேருந்து வாயே தொறக்கல. சொன்ன வேலைய செய்யுது, கூப்பிட்டா வருது. சிரிச்சு நான் பாக்கல. இருபத்து மூணு வயசு.” கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். “பேசாட்டியும் பரவால்ல. ஏதாச்சும் ஒண்ணு அது கூட இருக்கட்டும்.”

பத்து நாள் டூக்கான் மருந்து கலக்கும் அறைக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் இருந்தது. அந்தப் பறவையைப் பற்றி நான் தெரிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன், யாராவது மறுபடி கேட்டுக்கொண்டு வரலாம். அது கொஞ்சிக் குலாவும் பறவை இல்லை. பிடித்தாலோ மடியில் வைத்தாலோ பிடிக்காது. ஆனால் பக்கத்திலேயே இருக்கப் பிரியப்படும். நாம் என்ன செய்கிறோம் என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். பழத்தைத் தூக்கிப் போட்டால் மூக்கு நுனியில் பிடித்து, அண்ணாந்து, தொண்டைக்குள் எறிந்துகொள்ளும். தின்றது சீக்கிரமே வெளியே வந்துவிடும். அதுவும் கீழே விழாது, பக்கத்துச் சுவர் வரை பீச்சியடிக்கும். சுவருக்கு வெள்ளையடித்த புதிதில் அதை வாங்க வேண்டாம். கோழிக்குஞ்சு கிடைத்தால் விழுங்கிவிடும். தூங்கும்போது மூக்கை முதுகின் மேல் வைத்து, வாலை அதன் மேல் மடக்கி, ஒரு கறுப்புப் பந்து மாதிரி ஆகிவிடும். கிண்ணத்தில் எத்தனை பழம் வைத்தாலும் சிவப்பைத்தான் முதலில் எடுக்கும். இதை நான் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். எழுதியதோடு சரி.

கடி விஷயத்துக்கு வருகிறேன். மேலிருந்து கை வந்தால் அது பயந்து கிள்ளும். மூக்கின் ஓரம் ரம்பம் போல இருப்பதால் கன்றிப்போகும், ஆழமாக வெட்டாது. எங்காங் கடித்தால் எலும்பு வரை தெரியும், இது அப்படியில்லை. கீழிருந்து கையை நீட்டிப் பழம் கொடுத்தால் விரலைத் தொடாமல் வாங்கிக்கொள்ளும். பத்து நாளும் நான் அதன் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக் கண்ணைச் சோதித்தேன், வாயைத் திறந்து பார்த்தேன். ஹமீது பாய் அதன் கூண்டுக்குள் தலையை விட்டே கழுவினார். டாக்டர் இரண்டு முறை பார்த்தார். ஒருவரையும் கொத்தவில்லை. சீட்டில் எட்டாவது வரியில் ‘கடிக்காது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கிராணியார் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட விதம் எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கு அது ஒரு நல்ல சேதி.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அவர் திரும்பி வந்தார். டாக்டர் வண்டி மாடுகளைப் பார்க்க அக்கரையில் உள்ள பிறை ஊருக்குப் போயிருந்தார், சாயங்காலப் படகில்தான் திரும்புவார். கிராணியார் கூண்டை மேஜை மேல் வைத்து, அதன் பக்கத்தில் என் சீட்டைப் பிரித்து வைத்தார். அவருக்கு இரண்டடி பின்னால் வெள்ளைச் சேலையில் ஒரு பெண் நின்றார். அதுதான் செண்பகம்.

“முடிச்சிடுங்க மிஸ்ஸி,” என்றார். “வலியில்லாம மருந்து குடுப்பீங்கல்ல, குளோரோஃபார்மோ என்னமோ. அதக் குடுத்துடுங்க.”

“என்ன ஆச்சு அண்ணே?”

“எம் பொண்ணு நெத்தியில கொத்திடுச்சு. அஞ்சு வயசுப் பிள்ள. ஒரு அங்குலம் தள்ளியிருந்தா கண்ணு போயிருக்கும். நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?”

சீட்டில் என் கையெழுத்து அழகாகவே இருந்தது. அந்த நேரத்தில் முதலில் என் வாயில் வந்தது, ‘இங்கே பத்து நாள் யாரையும் கடிக்கவில்லையே’ என்பதுதான். உங்களுக்கும் அதுதான் முதலில் வரும். அதை விழுங்கிவிட்டேன், நல்லதாகப் போயிற்று. அந்த வாக்கியம் உண்மைதான், ஆனால் நெற்றி வீங்கிய குழந்தைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிள்ளைக்குப் பெரிய காயம் இல்லை, கன்றிய வீக்கம்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பிறகு பென்சிலை எடுத்தேன். எனக்குப் பதற்றம் வந்தால் பட்டியல் போடுவேன்.

“மொத்தம் எத்தன தடவ கொத்துச்சு, யார, எந்த நாளு, எந்த இடத்துல, எல்லாத்தையும் சொல்லுங்க அண்ணே.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் மனைவி பாக்கியத்தை நான்கு தடவை. விருந்துக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மாவை ஒரு தடவை. குழந்தையை நேற்று, வெள்ளிக்கிழமை, ஒரு தடவை. கிராணியாரை இல்லை. செண்பகத்தை இல்லவே இல்லை.

“அதான் வீட்டுல பெரிய பேச்சாப் போச்சு,” என்றார் குரலைத் தாழ்த்தி. “‘உங்க பக்கத்து ஆளுங்கள அது தொடாது, என்னையும் எம் பிள்ளையையும்தான் தேடி வந்து கொத்துது, யாரோ சொல்லிக் குடுத்த மாதிரி இருக்கு’ன்னு பாக்கியம் சொல்றா. நாகப்பட்டணத்துல ஒரு பெரியம்மா இருக்காங்க. தங்கச்சிய அடுத்த கப்பல்ல அங்க அனுப்பிடலாங்கறா. நான் என்னா செய்யிறது, சொல்லுங்க. மொதல்ல இந்தப் பறவைய முடிச்சிடுவோம்.”

செண்பகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூண்டுக்குள் பறவை அவர் நின்ற பக்கமாக நகர்ந்து நகர்ந்து கம்பியோடு ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்க முடியாது என்று நினைத்திருப்பார்.

பட்டியலைப் பார்த்தேன். ஆறு கடி. ஆறும் நெற்றியில், புருவத்துக்கு நடுவில். கை, காது, மூக்கு எங்கும் இல்லை. பயந்து கடிக்கும் பறவை இப்படி இடம் பார்த்துக் கடிக்காது. குழந்தை மூன்று வாரமாக அதன் கூண்டைச் சுற்றித்தான் விளையாடியிருக்கிறது. நேற்று மட்டும் என்ன?

“பிள்ளைக்குத் தினம் என்னா பொட்டு வைப்பீங்க அண்ணே?”

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. “கறுப்புச் சாந்துதான். நேத்துத் தண்ணிமல கோயிலுக்குப் போயிருந்தோம். அங்க குங்குமம் வச்சு விட்டாங்க. ஏன்?”

நான் தலையை நிமிர்த்தினேன். செண்பகமும் அப்போதுதான் முதல் முறையாக நிமிர்ந்தார். என்னைப் பார்த்து, அண்ணன் பார்க்காதபடி, மெதுவாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

அதில் எனக்கு இரண்டு விஷயம் ஒன்றாகத் தெரிந்தது. ஒன்று, அவருக்கு இது முன்பே தெரியும். இன்னொன்று, என் பத்து நாள் சோதனையில் என்ன குறைந்தது என்பது. நான் வேதக்கார வீட்டுப் பெண், எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீட்டில் பொட்டு வைக்கும் வழக்கம் இல்லை. ஹமீது பாய் நெற்றியிலும் ஒன்றும் இல்லை, டாக்டர் நெற்றியிலும் இல்லை. பினாங்கில் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் விடிந்ததும் வைத்துக்கொள்கிற ஒன்று, அந்தச் சின்ன அறைக்குள் பத்து நாளும் வரவே இல்லை. நான் அந்தப் பறவையை என்னை வைத்தே சோதித்துவிட்டு, எல்லோருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

“பத்து நிமிஷம் குடுங்க அண்ணே,” என்றேன். “பாய் கூட உக்காந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க. மருந்து எப்படியும் கலக்கணும்.”

ஹமீது பாய்க்கு நான் கண் காட்டத் தேவையிருக்கவில்லை. “வாங்க கிராணியாரே, தூக்குல போடற ஆளுக்கே முன்னால தேத்தண்ணி குடுப்பாங்க, இது கப்பல்ல வந்த ஆளு லா,” என்று தோளைப் பிடித்து வாசல் பக்கம் கூட்டிப்போனார்.

செண்பகத்தை முக்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, தோல் கையுறையை மாட்டிக்கொண்டேன். புறங்கையில் ஒரு பக்கம் புண்ணுக்குப் போடும் சிவப்பு மருந்தால் ஒரு பொட்டும், இன்னொரு பக்கம் ஊதா மருந்தால் ஒரு பொட்டும் வைத்துக் காயவிட்டேன். கூண்டைத் திறந்து, ஊதாவை நீட்டினேன். பறவை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டது. சிவப்பைத் திருப்பினேன். நான் கையை நிறுத்தும் முன்னே கிள்ளிவிட்டது. இழுத்துப் பார்த்தது, வரவில்லை, விட்டுவிட்டது. மறுபடி கிள்ளியது. கோபம் ஒன்றும் இல்லை. பழம் பறிக்கிறவர்கள் காம்பைத் திருகுவது போல இருந்தது.

“பழம்னு நெனைக்கிது,” என்றேன்.

“தெரியும் அக்கா.” எட்டு மாதம் பேசாதவர் என்று சொல்லியிருந்தார்களே, குரல் தெளிவாகவே இருந்தது. “மொத நாளு அண்ணிய கொத்தினப்பவே தெரிஞ்சு போச்சு. அண்ணி வலியில மொகத்தத் தொடச்சாங்க, பொட்டு அழிஞ்சிடுச்சு. அதுக்கப்பறம் பக்கத்துலேயே நின்னாங்க, ஒண்ணும் பண்ணல.”

“பின்ன ஏன் சொல்லல? உங்க மேலதான பழி வந்துச்சு?”

“என்னான்னு சொல்றது?” என்றார். “பொட்ட எடுத்துட்டு வாங்க அண்ணின்னா? இந்தக் கோலத்துல நின்னுக்கிட்டு நான் சொல்லலாமா அத?”

 என் எட்டுக் கேள்வியில் ஒன்றும் அந்த இடத்துக்குப் பக்கத்தில் கூடப் போகவில்லை.

அவர் கூண்டைப் பார்த்துக்கொண்டே இன்னொன்று கேட்டார். “அப்ப என்னைக் கொத்தாதது, நெத்தியில ஒண்ணும் இல்லாததுனாலதான? நான் என்னான்னா... அதுக்கு என்னைப் பிடிச்சிருக்குன்னு நெனைச்சேன்.”

மருந்து கலக்கக் கற்றவர்களுக்கு உண்மையைச் சொல்வது சுலபம், பாதி உண்மையோடு நிறுத்துவது இன்னும் சுலபம். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அது சரியான பதில். ஆனால் கேட்க வேண்டிய ஒன்று பாக்கி இருந்தது.

“காலையில அது உங்ககிட்ட என்னா செய்யும்?”

“பப்பாளி வெட்டி வப்பேன். மொத துண்ட எடுத்து, திங்காம, மூக்கு நுனியில வச்சு என்கிட்ட நீட்டும். வாங்கிக்கிட்டாத்தான் அடுத்தத திங்கும். தெனமும் அப்படித்தான்.”

“எங்கிட்ட பத்து நாளு இருந்துச்சு,” என்றேன். “என் நெத்தியும் வெறும் நெத்திதான். பாய் நெத்தியும் அப்படித்தான். எங்க கையால நெறைய வாங்கித் தின்னுச்சு. ஒரு துண்டு எங்களுக்குக் குடுத்ததில்ல. கொத்தாம இருக்கறது வேற, குடுக்கறது வேற. நெத்தியப் பாத்து குடுக்கறதுன்னா எனக்கும் குடுத்திருக்கணும்.”

அவர் இதை யோசித்தார். பிறகு சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, “எனக்கு வச்சுப் பாருங்க அக்கா,” என்றார்.

“என்ன?”

“அந்தச் செவப்பு மருந்த. எனக்கும் வச்சுப் பாருங்க. அப்பறம் குடுக்குதான்னு பாப்போம்.”

வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் வரிசையாக வந்தன. கண்ணுக்கு அருகில் கொத்தும். வாசலில் அண்ணன் இருக்கிறார். டாக்டர் இல்லாத நேரம். ஊர் என்ன சொல்லும் என்பது எனக்கே தெரியும். நான்கு காரணமும் நல்ல காரணம். மறுபக்கத்தில் ஒன்றுதான் இருந்தது, அவர் கேட்டார். இத்தனை மாதத்தில் யாரிடமாவது எதையாவது கேட்டாரா என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு கிண்ணத்தில் பப்பாளியை வெட்டி மேஜை மேல் வைத்தேன். பஞ்சுக் குச்சியை மருந்தில் நனைத்து அவர் புருவ மத்தியில் சின்னதாக வைத்தேன்.  காய்ந்ததும் அவர் பின்னால் போய் நின்று, என் இரண்டு உள்ளங்கையாலும் அவர் கண்களை மூடிக்கொண்டேன். நடுவில் அந்தப் பொட்டு மட்டும் தெரிந்தது. பறவை கூண்டிலிருந்து மேஜைக்கு வந்து, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது போல எனக்குப் பட்டது. பிறகு எல்லோரையும் கொத்தியது போல அவரையும் கொத்தியது.

அவர் தோள் குலுங்கியது. வலிக்கிறதா என்று கேட்க வாயெடுத்தபோதுதான் என் உள்ளங்கைக்குக் கீழே கன்னம் மேலே ஏறுவதை உணர்ந்தேன். அவர் சிரிக்கிறார்.

“என்னையும் கொத்திருச்சு,” என்றார். “அண்ணியக் கொத்தின மாதிரியே.”

நான் கையை எடுத்தேன். பறவை இரண்டு முறை கிள்ளி, ஒன்றும் வராமல், கிண்ணத்துக்குத் தாவியது. ஒரு பப்பாளித் துண்டை எடுத்து, மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தது. பொட்டு இருந்தது, அதைக் கண்டுகொள்ளவில்லை. துண்டை அவர் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் வாங்கிக்கொண்டு இன்னும் சத்தமாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு வாசலுக்குக் கேட்டிருக்கிறது. கிராணியார் கையில் கோப்பையோடு உள்ளே வந்து, தங்கையின் நெற்றியைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். செண்பகத்தின் சிரிப்பு நின்றுபோனது. தலைப்பை எடுத்து நெற்றியைத் துடைக்கப் போனார். கிராணியாருக்குப் பின்னால் வந்த ஹமீது பாய் எதையும் பார்க்காதவர் போலக் கூரையைப் பார்த்தார்.

அப்போது பேச வேண்டியவள் நான்தான். பொட்டு என்ற சொல்லை எடுக்காமல் பேச வேண்டும் என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

“அண்ணே, இதப் பாருங்க,” என்று கையுறையை நீட்டினேன். பறவை ஊதாவை விட்டுச் சிவப்பைக் கிள்ளுவதை இரண்டு முறை காட்டினேன். “செவப்பா, வட்டமா எது இருந்தாலும் பழம்னு நெனைக்கிது. யார் மேலயும் கோவம் இல்ல. யாரும் சொல்லியும் குடுக்கல. உங்க தங்கச்சியையும் இப்பக் கொத்திடுச்சு. நான் எழுதிக் குடுத்தது தப்பு. இதச் சோதிச்சுப் பாக்காம எழுதிட்டேன்.”

அவர் கையுறையைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார். கப்பல் சரக்கை எல்லாம் ஒரு பார்வையில் சரிபார்க்கிற மனிதர். மூன்று வாரமாகப் பழி வந்தும் அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கோப்பையை மெதுவாக மேஜையில் வைத்தார்.

“இதுக்கு வழி இருக்கா மிஸ்ஸி?”

“இருக்கு. பழக்கணும். கூண்டுக்கு நெருக்கமா கம்பி வலை அடிச்சிடுங்க, மூக்கு வெளிய வராது. தெனமும் காலையில ஒருத்தர் நெத்தியில இந்த மருந்த வச்சுக்கிட்டு அது முன்னால உக்காரணும். கொத்திக் கொத்திப் பாக்கும். பழம் இல்லன்னு ஒரு நாள் விட்டுடும். அப்பறம் வீட்டுல யாரையும் கொத்தாது.”

“யாரு உக்காரணும்?”

“அதுக்குப் பழகின ஆளு.”

“எத்தன நாளைக்கு?”

“அது பழகற வரைக்கும்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை.

“மருந்துதான இது?”

“மருந்துதான் அண்ணே.”

செண்பகம் மறுபடி தலைப்பைத் தூக்கினார். கிராணியார் கை நீட்டி அதைத் தடுத்தார். “இருக்கட்டும் தங்கச்சி. மருந்தத் தொடைக்கக் கூடாது.” நான் பறவையைக் கூண்டுக்குள் விட்டதும் அவர் அதைத் தூக்கிக்கொண்டு வேகமாக வெளியே போனார். ரிக்‌ஷாவைக் கூப்பிடும் குரல் கேட்டது. சின்னக் குப்பி ஒன்றில் மருந்தை ஊற்றிச் செண்பகம் கையில் கொடுத்தேன்.

சாயங்காலம் டாக்டர் வந்து பதிவேட்டைப் படித்தார். “பழக்குவதற்குக் கையுறை போதாதா?” என்று கேட்டார்.

“போதும் டாக்டர்,” என்றேன்.

அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு நான் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

கையுறை போதும் என்று தெரிந்தே நான் நெற்றி என்று சொன்னேன். அது சரியா என்று நீங்கள் கேட்டால், தொழில் முறையில் அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொரு நாள், இன்னொரு வீட்டில், இதையே செய்தால் ஒரு பெண்ணுக்குத் தீங்காகவும் முடிந்திருக்கும். கிராணியார் அந்த முதல் நாள் கூண்டுக் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்திருந்ததால்தான் எனக்குத் துணிவு வந்தது. மனிதர்களையும் அந்தப் பத்து நாளில் பாருங்கள் என்று மட்டும்தான் உங்களுக்குச் சொல்ல முடியும். சீட்டின் எட்டாவது வரியை அன்றைக்கே மாற்றிவிட்டேன். இப்போது அதில் ‘இதுவரை யாரைக் கடிக்கவில்லை’ என்று இருக்கும். அங்கே ஆட்களின் பெயரையும், அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்: தொப்பி, கண்ணாடி, மீசை, பூ, பொட்டு. இடம் போதாவிட்டால் பின்பக்கம் எழுதுங்கள்.

நாற்பது நாள் போலக் கழித்துப் பாக்கியம் வந்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. அகலமான நெற்றி, அதில் காலணா அளவுக்குக் குங்குமம், ஒரு கீறல் கூட இல்லை. உள்ளே வந்ததும் வராததுமாக, “இப்பல்லாம் அது எங்கிட்டேயே வந்து நிக்கிது மிஸ்ஸி, ஒண்ணும் செய்யிறதில்ல. எம் பொண்ணுதான் குளிப்பாட்டறா,” என்றார். நல்லது என்றேன். அவர் போகவில்லை. மடியிலிருந்து அந்தக் குப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தார். காலியாக இருந்தது.

“மருந்து தீந்துடுச்சு,” என்றார்.

நான் குப்பியைப் பார்த்தேன். அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பறவைன்னா சொல்ல முடியாதுல்ல. செண்பகம் இன்னும் கொஞ்ச நாள் போடட்டும்.”

நிரப்பிக் கொடுத்தேன். அது மூன்று வருடத்துக்கு முன்னால். நாகப்பட்டணத்துப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. மாதம் ஒரு தடவை பாக்கியம் வருகிறார், பெரும்பாலும் பசாரிலிருந்து திரும்பும் வழியில், கூடையில் கீரையோடு. நீலத் தக்கை போட்ட சின்னக் குப்பி. கொண்டுவந்தால் நிரப்பிக் கொடுங்கள். பறவை பழகிவிட்டதா என்று கேட்க வேண்டாம்.